புதுச்சேரியின் ஐப்பசிக் காற்று

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவுகளிலேயே இறக்கிவிடுவதால், மலைக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் சோழமண்டலக் கரைக்கு அந்த மாதங்களில் பெரும்பாலும் மாலை நேர இடிமழையே வாய்க்கிறது. ஐப்பசியில் காற்று திசைமாறி, வங்கக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வீசும்போதுதான் புதுச்சேரிக்கு மழைக்காலம். ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள், அதாவது அழுத்தம் குறைந்த கடற்பரப்பில் காற்று சுழன்று திரளும் இடங்கள், கரையை நெருங்கும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் இங்கே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்கு என்னும் படகுகளே அலை தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன. ஆதலால் ஐப்பசிக்கு முன் கரையை விட்டு விலகுவது மாலுமிகளின் வழக்கமாயிற்று. அது வீண் அச்சமன்று என்பதை, 1746 அக்டோபர் 13 இரவு சென்னைக் கடலில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படையைச் சிதைத்த புயல் காட்டியது. 1760-இல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயரும் அக்டோபரில் தம் கப்பல்களில் பலவற்றைத் திருகோணமலைக்கு அனுப்பிவிட்டு, டிசம்பர் இறுதியிலேயே அவற்றைத் திரும்ப வரவழைத்தனர். ஆயினும் 1761 ஜனவரி முதல் நாள், பருவம் ஓய்ந்திருக்க வேண்டிய வேளையில், எழுந்த புயலில் மூன்று கப்பல்கள் மூழ்கி, ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். முற்றுகையில் பட்டினி கிடந்த நகருக்கு அது அளித்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. எஞ்சிய கப்பல்கள் மீண்டும் கூடிவிட, ஜனவரி 16-இல் நகரம் பணிந்தது.

பருவத்தின் இயல்பை அறிந்தவருக்கும் ஒரு குறிப்பிட்ட நாள் பிடிபடாது என்பதற்குப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி பட்ட துயரைவிடத் தெளிவான சான்று இல்லை. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் அரிய நிகழ்வைக் காண 1768-லேயே புதுச்சேரிக்கு வந்து, முற்றுகைக்குப்பின் எஞ்சிய இடிபாடுகளின்மேல் ஆய்வகம் எழுப்பிக் காத்திருந்த அவருக்கு, மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாகவே இருந்தது. 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம் மூடி, நிகழ்வு முடிந்தபின் வெயில் வந்தது.

உழவர்களோ நாளைக் கணிப்பதைவிட, நீர் வரும் நாளில் அதைப் பிடித்துவைப்பதையே நம்பினர். 2024 நவம்பர் 30-இல் கரைகடந்த ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைப் பொழிந்தது; ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அத்தகைய நீரைக் கோடைவரை காக்க ஏரியன்றி வழியில்லை. சங்கராபரணியின் வெள்ளம் ஊசுட்டேரிக்கும், தென்பெண்ணையின் வெள்ளம் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கும் திருப்பப்பட்டதால், உள்ளூரில் மழை பொய்த்த ஆண்டிலும் மேற்கே வெகுதொலைவில் பெய்த மழை இங்குள்ள நெல்வயல்களுக்கு எட்ட வழியிருந்தது.