பதினைந்தாவது கைநாட்டு: எங்கள் 1998 ஐந்தாம் படிவம்



2023ஆம் ஆண்டு இறுதியில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் 1998ஆம் ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர்கள் ஒன்றுகூடினோம். பள்ளியை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி நடந்த விருந்து அது. ஏற்பாட்டுக் குழுவினர் பழைய படமொன்றைப் பெரிதாக அச்சிட்டு மண்டப வாயிலில் வைத்திருந்தனர். உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் முதலில் தம் முகத்தைத்தான் தேடினர். நானும் தேடினேன். பின்வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவதாக, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு, அந்தப் படத்தில் இல்லாத ஒருவனையும் என் கண்கள் தேடின. அவன் அதில் இருக்க வழியில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். எனினும் தேடினேன்.

அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆனால், தமிழ்ப்பள்ளியில் படித்த நாங்கள் எந்த வழியாக ஐந்தாம் படிவம்வரை வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல இயலாது. ஆகவே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புகுமுக வகுப்பு

எங்கள் ஊர் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறுபட்டணம். இரண்டு வரிசைக் கடைகள், ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு காவல் நிலையம். சுற்றிலும் தோட்டங்கள். பெரிய கடைக்குப் போக வேண்டுமானால் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பேருந்து ஏற வேண்டும். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர்தான் அது. நாங்கள் இன்றும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1992இல் நாங்கள் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினோம். மலாய்மொழித் தாள்களில் போதிய புள்ளி பெற்றவர்கள் நேராக முதலாம் படிவம் சென்றனர். எஞ்சியவர்களுக்குப் புகுமுக வகுப்பு. ரசாக் அறிக்கை 1956இல் வெளிவந்த பிறகு, தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோர் பயிற்றுமொழிக்குப் பழகிக்கொள்வதற்கென ஏற்பட்ட ஓராண்டு வகுப்பு இது. 1993ஆம் ஆண்டு எங்கள் புகுமுக வகுப்பில் தமிழ் மாணவர்கள் 34 பேர் இருந்தோம். பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள்.

அந்த ஓராண்டின் விளைவை மறு ஆண்டு முதலாம் படிவத்தில்தான் உணர்ந்தோம். தேசியப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் 1981இல் பிறந்தவர்கள், நாங்கள் 1980. ஐந்தாம் படிவம் முடிக்கும்போது அவர்களுக்கு அகவை 17, எங்களுக்கு 18. ஓர் ஆண்டுதானே என்று நினைக்கத் தோன்றும். வசதியுள்ள வீட்டில் அது ஓர் ஆண்டுதான். நாள் கூலிக்குப் பால்மரம் வெட்டும் வீட்டிலோ, வேலைக்குப் போகும் வயதுள்ள ஒரு பிள்ளையைக் கூடுதலாக ஓர் ஆண்டு உட்கார வைத்துச் சோறு போடுவது என்று பொருள்.

34 பேர் 22 பேரான கதை

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்குத் தேர்வுகளே தடைச்சுவராக நின்றன. 1964வரை ஆறாம் ஆண்டு முடித்தோர் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தேறினால்தான் மேலே போகலாம். 1965இல் அந்தச் சுவர் அகன்றது. பிறகு மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு நின்றது, அதில் தோற்றுப் படிப்பை நிறுத்திய அண்ணன்மார் எங்கள் தோட்டத்தில் நிறைய இருந்தனர். 1993இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்த பிறகு, குறைந்த தகுதி பெற்றாலும் நான்காம் படிவம் போகலாம் என்றானது. ஆக, எங்கள் காலத்தில் தேர்வு யாரையும் வெளியே தள்ளவில்லை. இருந்தும் எங்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

1996இல் பி.எம்.ஆர். எழுதியபோது 34 பேரில் 27 பேர் இருந்தோம். 1997இல் நான்காம் படிவத்தில் அடியெடுத்து வைத்தவர்கள் 22 பேர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் நின்றாள். தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இருவர் போயினர். தோட்டம் கைமாறியதால் குடும்பத்தோடு ஊர் மாறியவர்களும் உண்டு. எவரும் 'படிப்பை நிறுத்திவிட்டேன்' என்று அறிவித்துவிட்டுப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருக்கும். அடுத்த வாரமும் காலியாக இருக்கும். பிறகு அந்த நாற்காலியை யாராவது வேறு வகுப்புக்குத் தூக்கிச் சென்றுவிடுவார்கள்.

நான் குறிப்பிட்ட நண்பன் நான்காம் படிவத்தின் இரண்டாவது மாதத்தில் நின்றான். காரணம் எளியது. அவன் தந்தைக்கு நோய் வந்து வேலைக்குப் போக முடியாமற் போனது. தாயாருக்கும் நிலையான வேலை இல்லை. தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் குடும்பம் அதில் குடியிருக்கலாம். மூத்த மகன் அவன். வீட்டைக் காப்பாற்ற, செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் வேலைக்குப் போனான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். தமிழில் என்னைவிட மிகக் கெட்டிக்காரன்.

பதினைந்து என்ற எண்

நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றைச் சில எண்களைக் கொண்டே சொல்லிவிடலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 அகவையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டத்துக்குத் தோட்டம் தமிழ்ப்பள்ளி எழுந்ததற்கு இந்தப் பத்து ஒரு காரணம். விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி உள்ளன.

அடுத்த எண் 15. தமிழில் இடைநிலைக் கல்வி இங்கு வேரூன்றவில்லை. ஆயினும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரவேண்டும். இதைத்தான் நாம் தாய்மொழி வகுப்பு என்கிறோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் அதே பதினைந்து இடம்பெற்றுள்ளது.

சட்டம் பள்ளி முழுவதையும் எண்ணச் சொல்கிறது. எங்களுக்கோ, நான்காம் படிவத்திற்கென்று தனியே 15 கடிதங்கள் வேண்டும் என்று சொல்லப்பட்டது. எங்கள் தமிழாசிரியை வாதாடிப் பார்த்துவிட்டு, கடிதத்தைத் தாமே தட்டச்சு செய்து எங்கள் 22 பேருக்கும் கொடுத்தார். ஏழு வீடுகள் மறுத்துவிட்டன. தமிழ்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. 'எஸ்.பி.எம்.இல் ஒரு பாடம் கூடினால் மற்றவை கெடும்' என்ற அச்சம்தான். அக்காலத்தில் எஸ்.பி.எம். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று சான்றிதழிலேயே தரம் பிரிக்கும். 2000ஆம் ஆண்டில்தான் திறந்த சான்றிதழ் முறை வந்தது. அந்தத் தரத்துக்குப் பெற்றோர் பயந்தது இயல்பே.

பதினான்கு கடிதங்கள் சேர்ந்தன. ஒன்று குறைந்தது. மறுநாள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை நான் நண்பனின் வீட்டுக்குப் போனேன். அவன் பெயர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பள்ளி விடுப்புச் சான்றிதழை யாரும் வாங்கவில்லை. அவன் தாயாரிடம் கடிதத்தை நீட்டினேன். அவர், "இவன்தான் வேலைக்குப் போயிட்டானே தம்பி, இவனுக்கு எதுக்கு இது?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. குளித்துவிட்டு வந்த அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"வைம்மா. நான்தானே நின்னேன், அவங்க வகுப்பு ஏன் நிக்கணும்?"

தாயாருக்குக் கையெழுத்து வராது. அவனே என் பேனா முனையை அவர் கட்டைவிரலில் தேய்த்து, விரலைப் பிடித்துத் தாளில் அழுத்தினான். மறுநாள் தமிழாசிரியை அந்தக் கைநாட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மற்றக் கடிதங்களின் நடுவே செருகிவிட்டார்.

லோரியும் வகுப்பும்

வகுப்பு வாரத்திற்கு இருமுறை, பள்ளி முடிந்த பிறகு நடந்தது. மூன்று மணிக்கு முடியும்போது தோட்டப் பேருந்து போயிருக்கும். நாங்கள் செம்மண் சாலையில் நடப்போம். சில நாள்களில் பின்னாலிருந்து குலை லோரி வரும். நண்பன் ஓட்டுநரிடம் சொல்லி எங்களை ஏற்றிக்கொள்வான். குலைகளின் முள் குத்தாமல் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்பான். நாங்கள் சொல்வோம். இலக்கணமானால் எங்களைத் திருத்துவான்.

1997 புகைமூட்டத்தில் கழிந்தது. அதே ஆண்டு நடுவில் தொடங்கிய பொருளாதார நெருக்கடி 1998இல் எங்கள் வீடுகளுக்கும் வந்தது. தொழிற்சாலைக்குப் போன தோழிகள் வேலையிழந்து திரும்பினர். செப்டம்பரில் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. அதே மாதம் தலைநகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. நாங்கள் மாதிரித் தேர்வுத் தாள்களோடு மல்லாடிக்கொண்டிருந்தோம்.

புகுமுக வகுப்பின் 34 பேரில் எஸ்.பி.எம். எழுதியவர்கள் 19. தமிழ் எழுதியவர்கள் 12. அவர்களில் நானும் ஒருவன். அந்த ஒரு பாடத்தில் கிடைத்த சிறப்புத் தேர்ச்சியைக் கொண்டுதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தமிழ்ப் பிரிவுக்கு மனு செய்தேன். பின்னாளில் ஆசிரியர் கல்விக் கழகம் என்று பெயர் மாறிய அதே இடம். வகுப்பு நடந்திருக்காவிட்டால் நான் தமிழாசிரியன் இல்லை. பதினைந்தாவது கடிதம் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1998 இறுதியில் தோட்ட நிருவாகம் குலை வேலையைக் குத்தகைக்கு விட்டது. குத்தகையாளர் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். எந்த வீட்டுக்காக அவன் பள்ளியை விட்டானோ, அந்த வீட்டை இரண்டே ஆண்டுகளில் காலி செய்ய வேண்டியதாயிற்று. தேர்வு முடிவு வந்தபோது அவர்கள் ஊரில் இல்லை.

சி3

ஒன்றுகூடலுக்கான அழைப்பு, எஸ்.பி.எம். எழுதியவர்களின் பட்டியலைப் பார்த்து அனுப்பப்பட்டிருந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை; படத்தில் இருப்பவர்களைத்தானே வகுப்பு என்கிறோம்? விருந்து முடிந்ததும், பலரிடம் கேட்டு அவனுடைய தொலைபேசி எண்ணைப் பெற்றேன். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான். அடுத்த மாதம் அவன் வீட்டுக்குச் சென்றேன். தாயார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடத்தில் படம் மாட்டியிருந்தது.

கைநாட்டுச் செய்தியை எடுத்தேன். அவன் மறக்கவில்லை.

"ஆமா, தமிழ்ல என்னதான்டா எடுத்த?"

"சி3."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அதுக்கா எங்கம்மா விரல்ல மை தேய்ச்சேன்?"

நானும் சிரித்தேன். பிறகு என் கைப்பேசியில் இருந்த 1998ஆம் ஆண்டுப் படத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு முகமாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அனைவரின் பெயரையும் சொன்னான். நான் மறந்திருந்த இருவரின் பெயர் உட்பட. மகளை அழைத்து, "எங்க வகுப்பு" என்று காட்டினான்.

அன்பர்களே, நாங்கள் எழுதிய மூன்று அரசாங்கத் தேர்வுகளில் இன்று எஸ்.பி.எம். மட்டுமே எஞ்சியுள்ளது. பி.எம்.ஆர். 2013உடன் முடிந்தது. யூ.பி.எஸ்.ஆர். கடைசியாக 2019இல் நடந்து, 2021இல் அகற்றப்பட்டது. எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்ற வரம்பு 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்திற்கும் இடமில்லாமற் போகுமே என்று நம் அமைப்புகள் குரல் கொடுத்தன. அதன் பயனாக மேலும் இரண்டு பாடங்களுக்கு வழி பிறந்தது. தேர்வுகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். பதினைந்து மட்டும் மாறவில்லை. உங்கள் பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், பதினைந்து பெற்றோரைத் திரட்டிக் கடிதம் கொடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வகுப்பின் வரலாற்றை எழுதும்போது, கடைசி ஆண்டுப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் நாள் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். நான் இப்போது 1993ஆம் ஆண்டுப் புகுமுக வகுப்பின் பட்டியலை நினைவிலிருந்து எழுதி வருகிறேன். நண்பனும் தொலைபேசியில் உதவுகிறான். 34 பேரில் 31 பெயர்கள் கிடைத்துவிட்டன. இன்னும் மூன்று வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்