புது மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி: 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா?

காலேஜ் ப்ராஜெக்ட், ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன், வீட்டு மொட்டை மாடியில் தானியங்கி மோட்டார் ஸ்விட்ச் என எதற்காக இருந்தாலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் உங்கள் ஊர் சின்ன ரோபோட்டிக்ஸ் கடையிலும் இப்போது புதுப் புது போர்டுகள் கிடைக்கின்றன. பழசை விட வேகம் அதிகம், விலையும் பல நேரம் குறைவு. பார்த்ததும் வாங்கத் தோணும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. போர்டு புதுசாகிவிட்டது. அதோடு சேர்த்து வாங்கும் சென்சார், மோட்டார், கலர் எல்இடி எல்லாம் பெரும்பாலும் பழைய 5 வோல்ட் காலத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் யோசிக்காமல் இணைத்தால், டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரி போர்டு செத்துப்போகலாம். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது? விரிவாகப் பார்ப்போம்.

மைக்ரோகன்ட்ரோலர் என்றால் என்ன?

ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டி கம்ப்யூட்டர்தான் மைக்ரோகன்ட்ரோலர். வாஷிங் மெஷின், ரிமோட், மைக்ரோவேவ் அவன் எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று இருக்கும். அந்தச் சிப்பை, யுஎஸ்பி கேபிள் சொருகிப் புரோகிராம் ஏற்றும் வசதியோடு ஒரு சின்ன பலகையில் வைத்துத் தருவதுதான் ‘போர்டு’. பலகையின் ஓரத்தில் இருக்கும் கம்பிகளை ‘பின்’ என்கிறார்கள். சென்சார் தரும் தகவல் இந்தப் பின்கள் வழியாகத்தான் உள்ளே போகும். கட்டளையும் இவற்றின் வழியாகத்தான் வெளியே வரும்.

கடைக்கு வந்திருக்கும் போர்டுகள் என்னென்ன?

ஆர்டுயினோ ஊனோ: இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-ல் தொடங்கியது ஆர்டுயினோ திட்டம். 2010-ல் வந்த ஊனோ போர்டுதான் உலகம் முழுக்க மாணவர்களின் முதல் போர்டு ஆனது. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கேபி. இயங்கும் மின்னழுத்தம் 5 வோல்ட்.

ஊனோ ஆர்4: 2023-ல் வந்தது. 48 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி ரேம். மினிமா, வைஃபை என இரண்டு வகை. இதுவும் 5 வோல்ட்தான்.

இஎஸ்பி32: ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்தது. இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதன் தம்பிகளாக எஸ்3, சி3, சி6 எனப் பல வகைகள் வந்துவிட்டன. எல்லாமே 3.3 வோல்ட்.

ராஸ்பெரி பை பிக்கோ: 2021 ஜனவரியில் 4 டாலருக்கு அறிமுகம். 2024 ஆகஸ்டில் பிக்கோ 2 வந்தது. அறிவித்த விலை 5 டாலர், ரேம் 520 கேபி. இதுவும் 3.3 வோல்ட்.

ஊனோ க்யூ: ஆர்டுயினோவை வாங்குவதாக குவால்காம் 2025 அக்டோபரில் அறிவித்தபோது அறிமுகமான போர்டு. வடிவம் பழைய ஊனோ மாதிரியே இருக்கும். ஆனால் இதன் பின்கள் இயங்குவது 3.3 வோல்ட்டில். பேரும் வடிவமும் ஒன்றாக இருந்தால் மின்னழுத்தமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏன் 5-லிருந்து 3.3-க்கு மாறினார்கள்?

சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சின்னதாக்கிக்கொண்டே போனால்தான் வேகம் கூடும், விலை குறையும், பேட்டரியும் மிச்சமாகும். டிரான்சிஸ்டர் சின்னதாகும்போது அதிலுள்ள காப்புப் படலமும் மெலிதாகிறது. மெலிந்த படலம் அதிக மின்னழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் புதிய சிப்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டன.

இஎஸ்பி32-ஐ எடுத்துக்கொண்டால், பின்னுக்குள் வரும் மின்னழுத்தம் 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 5 வோல்ட் கொடுத்தால் உடனே புகை வரும் என்று சொல்ல முடியாது. சில நேரம் ஓடும். சில நாள் கழித்து ஒரு பின் மட்டும் வேலை செய்யாமல் போகும். அப்புறம் போர்டே சூடாகி நின்றுவிடும். ‘எனக்கு நல்லாத்தானே ஓடுது’ என்று நண்பர் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அடிக்கடி நடக்கும் தவறு: தூரம் அளக்கும் சென்சார்

ரோபோ கார் செய்பவர்கள் எல்லோரும் வாங்குவது ஹெச்சி-எஸ்ஆர்04. இரண்டு கண் மாதிரி இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். இது 5 வோல்ட்டில் இயங்கும். இதன் ‘எக்கோ’ பின்னிலிருந்து வெளியே வரும் சிக்னலும் 5 வோல்ட். பழைய ஊனோவில் நேரடியாகச் சொருகலாம். இஎஸ்பி32-ல் நேரடியாகச் சொருகக் கூடாது.

தீர்வு ரொம்ப சிம்பிள். எக்கோ பின்னுக்கும் போர்டு பின்னுக்கும் நடுவே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். போர்டு பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட் மட்டுமே போர்டுக்குப் போகும். 2 கிலோ ஓம் இல்லையா? இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாக இணைத்தால் போதும். செலவு சில ரூபாய்தான்.

இப்படி நாலைந்து சிக்னல் இருந்தால், ‘லெவல் ஷிஃப்டர்’ என்று கேட்டு வாங்குங்கள். நான்கு சிக்னல்களை 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே மாற்றித்தரும் சின்ன போர்டு அது.

தலைகீழாகவும் சிக்கல் வருமா?

வரும். வரிசையாக ஓடும் கலர் எல்இடி பட்டை, அதாவது டபிள்யூஎஸ்2812 வகை, 5 வோல்ட்டில் இயங்கும்போது டேட்டா சிக்னல் குறைந்தது 3.5 வோல்ட் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 3.3 வோல்ட் போர்டால் அதைத் தர முடியாது. இங்கே எதுவும் எரியாது. ஆனால் லைட் துடிக்கும், கலர் மாறி எரியும். புரோகிராமில் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். 74ஏஹெச்சிடி125 என்ற சிப் நடுவில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

5 வோல்ட் ஊனோதான் இருக்கு, கவலை இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. ஊனோவிலிருந்து 3.3 வோல்ட் சென்சாருக்குள் போகும் சிக்னல் 5 வோல்ட் என்பதால், அந்தச் சென்சார் பாதிக்கப்படலாம்.

ஆர்4 வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். பழைய ஊனோவில் ஒரு பின் வழியாக 20 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். ஆர்4-ல் அது 8 மில்லி ஆம்பியர்தான். பழைய வீடியோக்களில் சிவப்பு எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் சுமார் 14 மில்லி ஆம்பியர் வரும். ஆர்4-க்கு இது அதிகம். 470 ஓம் போட்டால் 6 மில்லி ஆம்பியர் சுற்றி நிற்கும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

மோட்டாரை நேரடியாகப் போர்டில் இணைக்கலாமா?

கூடவே கூடாது. ரோபோ காரின் மஞ்சள் கியர் மோட்டார் ஆகட்டும், சின்ன நீல சர்வோ ஆகட்டும், லோடு வந்தால் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். எந்த போர்டின் பின்னும் அதைத் தராது. கியர் மோட்டாருக்கு அதற்காகத்தான் மோட்டார் டிரைவர்.

கடையில் வழக்கமாகக் கொடுப்பது சிவப்பு நிற எல்298என் போர்டு. பழைய தொழில்நுட்பம். சுமார் 2 வோல்ட்டை அதுவே வெப்பமாகத் தின்றுவிடும். 7.4 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்கு ஐந்தரை வோல்ட் அளவுதான் போகும். ஒற்றை 3.7 வோல்ட் செல் போட்டால் மோட்டார் நகரவே நகராது. சின்ன ரோபோவுக்கு டிபி6612 என்ற டிரைவர் நல்லது. அளவும் சிறியது, சூடும் குறைவு.

மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தாலும், அதன் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் ஒரு வயரால் கண்டிப்பாக இணைக்க வேண்டும். ‘எல்லாம் சரியா கனெக்ட் பண்ணேன், ஆனா ஓடல’ என்பதற்குப் பல நேரம் இந்த ஒரு வயர்தான் காரணம்.

பேட்டரி: இங்கேதான் உண்மையான ஆபத்து

போர்டு போனால் பணம்தான் நஷ்டம். லித்தியம் பேட்டரியில் தவறு செய்தால் தீப்பிடிக்கும்.

முதலில், சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் பயன்படுத்தாதீர்கள். அதனால் அதிக மின்னோட்டம் தர முடியாது. மோட்டார் சுழன்றதும் மின்னழுத்தம் சரிந்து, போர்டு ரீசெட் ஆகும். வைஃபை பயன்படுத்தும் இஎஸ்பி32-க்கும் இதே பிரச்சினை வரும். அதற்கு 500 மில்லி ஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும்.

18650 என்ற உருளை செல் வாங்கினால், அதன் முழு சார்ஜ் 4.2 வோல்ட். நம்பகமான செல்களில் கொள்ளளவு வழக்கமாக 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். மேலே 9900 என்று அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள், அது போலி.

டிபி4056 என்ற சின்ன சார்ஜர் போர்டு ஒரே ஒரு செல்லுக்கானது. இரண்டு செல்லை வரிசையாக இணைத்து அதில் சார்ஜ் போடக் கூடாது. செல்களை வெளியே எடுத்து, தரமான சார்ஜரில் தனித்தனியாகப் போடுவதே பாதுகாப்பானது. பள்ளி மாணவர்கள் என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போது சார்ஜ் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

யூடியூப் பார்த்துச் செய்தும் ஓடலையே, ஏன்?

வீடியோவில் இருப்பது இஎஸ்பி32, நீங்கள் வாங்கியது இஎஸ்பி32-சி3 அல்லது எஸ்3 என்றால் சில விஷயங்கள் மாறும். முக்கியமாக ப்ளூடூத். முதல் இஎஸ்பி32-ல் பழைய வகை ப்ளூடூத், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பிஎல்இ என இரண்டும் உண்டு. சி3, எஸ்3, சி6 மூன்றிலும் பிஎல்இ மட்டும்தான். போன் ஆப் மூலம் கார் ஓட்டும் பழைய புரோகிராம்கள் பலவும் முதல் வகையை நம்பியவை. அவை இதில் ஓடாது.

டூப்ளிகேட் ஊனோ வாங்கலாமா?

ஆர்டுயினோவின் ஊனோ வடிவமைப்பு திறந்த வடிவமைப்பு. அதனால் வேறு நிறுவனங்கள் தங்கள் பெயரில் அதே மாதிரி போர்டு செய்து விற்பதில் தவறில்லை. ஆனால் ஆர்டுயினோ லோகோவையே போட்டு விற்றால் அது போலி. குறைந்த விலை போர்டுகளில் யுஎஸ்பிக்கு சிஹெச்340 என்ற சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், அதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். கேபிளையும் பாருங்கள். சில யுஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும், டேட்டா போகாது.

யாருக்கு எது?

• முதல் முறை கற்கும் பள்ளி மாணவர், கையில் பழைய 5 வோல்ட் கிட் இருக்கிறது: ஊனோ அல்லது ஆர்4.
• வைஃபை, போன் கன்ட்ரோல் வேண்டும்: இஎஸ்பி32. லெவல் ஷிஃப்டரும் சேர்த்து வாங்குங்கள்.
• பைத்தான் தெரியும், குறைந்த விலையில் வேகம் வேண்டும்: பிக்கோ 2. வைஃபை வேண்டுமென்றால் ‘டபிள்யூ’ வகை.

அடல் டிங்கரிங் லேப் இருக்கும் பள்ளிகளில், ஏற்கெனவே இருக்கும் சென்சார்கள் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டுப் புது போர்டுக்கு ஆர்டர் கொடுப்பது நல்லது. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 டிங்கரிங் லேப்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி அங்கேயும் நிறைய பணத்தை மிச்சப்படுத்தும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த போர்டின் பின்கள் 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா?
2. இந்த சென்சார் எத்தனை வோல்ட்டில் இயங்கும்? வெளியே தரும் சிக்னல் எத்தனை வோல்ட்?
3. பின் வரிசை சால்டர் செய்து வருமா, நாமே செய்யணுமா? பிக்கோ சாதாரண வகையில் பின்கள் இருக்காது.
4. சிப்பின் முழுப் பெயர் என்ன? ‘இஎஸ்பி32’ என்பது மட்டும் போதாது, சி3-யா, எஸ்3-யா?
5. டேட்டா கேபிள் கூட வருமா?

வீட்டுக்கு வந்ததும், போர்டில் 3வி3 என்று எழுதிய பின்னில் 5 வோல்ட் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் 5 வோல்ட்டுக்கு, இஎஸ்பி32 போர்டுகளில் 5வி அல்லது வின் என்று எழுதிய பின் தனியாக இருக்கும். வயர் மாற்றும்போதெல்லாம் யுஎஸ்பியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு மாற்றுங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், சென்சாரின் சிக்னல் வயரைப் போர்டில் சொருகும் முன் அளந்து பாருங்கள். எக்கோ மாதிரி நொடியில் வந்து போகும் சிக்னலை மீட்டர் காட்டாது. அதற்கு சென்சாரின் டேட்டாஷீட்டில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.