காப்பாளர் விதியும் அரசரின் கடிதமும்

1295 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், கான்டர்பரி பேராயர் ராபர்ட் வின்செல்சிக்கு ஓர் அழைப்பாணை விடுத்தார். பிரான்சுடன் போர் மூண்டிருந்தது, பணம் தேவைப்பட்டது. நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடவிருந்த நாடாளுமன்றத்துக்கு ஆயர்களும் குருமார்களின் பிரதிநிதிகளும் வர வேண்டும். ஆனால் கடிதத்தின் முதல் வரியில் போரும் இல்லை, பணமும் இல்லை. எல்லாரையும் தொடும் காரியத்துக்கு எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும் என்ற நெறியோடு அது தொடங்குகிறது. புனித மன்னர்கள் முன்யோசனையோடு வகுத்த மிக நேர்மையான சட்டம் இது என்றும் போற்றுகிறது. அந்த மன்னர்கள் ரோமானியப் பேரரசர்கள்.

மூலத்தைத் தேடிப்போனால் காண்பது வேறு காட்சி. 531-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் பிறப்பித்த ஆணை அது; அவருடைய சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலில் இருக்கிறது. தகப்பனை இழந்த சிறுவனுக்குக் காப்பாளர்கள் பலர் இருந்தால், அந்தக் கூட்டுப் பொறுப்பை ஒருவர் மட்டும் முடித்துக்கொள்ள முடியாது. எல்லாரும் இசைய வேண்டும். அவ்வளவே. மக்கள், வரி, அரசதிகாரம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. ஜஸ்டினியன் எவரிடமும் ஒப்புதல் கேட்டு ஆண்டவரும் அல்லர்.

குடும்பச் சொத்து வழக்கில் பிறந்த விதி, 764 ஆண்டுகள் கழித்து ஓர் அரசரின் வரிக் கோரிக்கைக்கு முகவுரையானது எப்படி? இடைக்கால ஐரோப்பா ரோமானிய மரபைப் பேழையில் வைத்துக் காத்ததென்ற பொதுக் கருத்து இதை விளக்காது. அந்த மரபை இடைக்காலத்தவர் தம் தேவைக்கேற்பப் புதிதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலை நடந்த இடம் இத்தாலியின் பொலோனியா. 1100-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இர்னேரியஸ் அங்கே ஜஸ்டினியனின் நூல்களை வரிவரியாகப் பாடம் சொன்னார். அவர் வழிவந்த உரையாசிரியர்களின் ஏடுகளைப் பார்த்தால் முறை விளங்கும். பக்கத்தின் நடுவே மூலம், நாற்புறமும் பொடியெழுத்தில் உரை. உரைக்குள்ளே இதே கருத்து வேறெங்கு வருகிறது என்ற சுட்டு. மூலமும் உரையுமாகப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ஏடு அந்நியமாகத் தோன்றாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் அக்குர்சியஸ் தொகுத்த பேருரையில் மட்டும் 96,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் உண்டு. இடத்துக்கு இடம் சுட்டிப் படிக்கப் படிக்க, காப்பாளர் விதியிலிருந்து காப்பாளர்கள் உதிர்ந்துபோனார்கள், நெறி மட்டும் நின்றது.

திருச்சபை அதை உடனே பற்றிக்கொண்டது. ஆயருக்கும் பேராலயக் குருமார் குழுவுக்கும் இடையிலான பூசல்களுக்கு அப்படியொரு நெறி தேவைப்பட்டது. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அதைக் கையாண்டார். 1298-இல் எட்டாம் பொனிஃபஸ் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் இறுதியிலுள்ள 88 விதிகளில் அது 29-ஆவதாக இடம்பெற்றது.

இது பிழையான வாசிப்புதானே என்று கேட்கலாம். ஆம், மூல ஆசிரியரின் கருத்துப்படி பிழைதான். ஆனால் வாழும் சட்டம் அப்படித்தான் வளரும். மன்னனின் விருப்பமே சட்டம் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியனின் கூற்றும் ஜஸ்டினியனின் தொகுப்பிலேயே இருக்கிறது. வரம்பற்ற அதிகாரத்தை விரும்பிய அரசர்கள் அதை எடுத்தாண்டார்கள். ஆகவே ரோமின் கொடை ஒரே திசையில் இழுக்கவில்லை. எதை எடுப்பது என்பதை அந்தந்தக் காலத்துப் பூசல்களே முடிவு செய்தன.

ஒப்புதல் என்ற சொல்லையும் மிகைப்படுத்தக் கூடாது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தவர்கள் ஆயர்கள், பிரபுக்கள், மாவட்ட வீரர்கள், நகரப் பிரதிநிதிகள். நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவனை யாரும் கேட்கவில்லை. எட்வர்டும் உரிமை வழங்க அந்த நெறியைச் சொல்லவில்லை; வந்தவர்கள் பணம் தர இசைய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அடுத்து நடந்தது அவர் எதிர்பாராதது. 1297 ஜனவரியில் குருமார்கள் வரி தர மறுத்தார்கள். திருத்தந்தையின் அனுமதியின்றித் தரக் கூடாது என்று பொனிஃபஸ் முந்தைய ஆண்டு ஆணையிட்டிருந்தார். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் அந்த அழைப்பாணையைப் பெற்ற அதே வின்செல்சி. அரசர் குருமார்களுக்குச் சட்டப் பாதுகாப்பை விலக்கினார். பின்னர் நார்ஃபோக், ஹெரிஃபர்ட் பிரபுக்களும் எதிர்த்து நின்றார்கள். அரசர் ஃபிளாண்டர்சில் போரில் இருக்கையில், லண்டனில் அவர் பெயரால், அரச அதிகாரத்துக்கு வரம்பிட்ட பழைய சாசனங்கள் உறுதிசெய்யப்பட்டன. அண்மையில் வாங்கியவை போன்ற உதவித் தொகைகளை இனி நாட்டு மக்கள் அனைவரின் பொது இசைவின்றிப் பெறுவதில்லை என்பது அந்த உறுதி ஆவணத்தின் ஒரு விதி. காப்பாளர் விதியின் வாசகம் அதில் இல்லை. ஆனால் இசைவு கேட்டே பணம் பெற வேண்டுமென இரண்டாண்டுக்கு முன் எழுதியவர் எட்வர்டே. இம்முறை அது அவர் முத்திரையோடு அவரையே கட்டியது.