கந்தையும் காந்தாவும்: தைத்துக் கொடுக்கும் கொடை

பேகனை நமக்கெல்லாம் தெரியும். பழனி மலைப் பகுதியை ஆண்ட வள்ளல். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துக் கொடுத்தவன். கடையெழு வள்ளல்களைச் சொல்லும் சிறுபாணாற்றுப்படையில் அவனோடு ஆய் ஆண்டிரனும் வருகிறான். இவன் நாகம் தந்த நீல ஆடையை ஆலமரத்தடி இறைவனுக்குக் கொடுத்தவன். ஆக, ஏழு பேரில் இரண்டு பேருடைய புகழ் துணிக்கொடையோடு சேர்ந்து நிற்கிறது.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இருவர் கொடுத்ததும் அரசர் வீட்டுத் துணி. நல்ல துணியே இல்லாத வீட்டில் இருப்பவர் எதைக் கொடுப்பது? நாம் பிழைக்க வந்த இந்த வங்க நாட்டின் பெண்கள் பல நூற்றாண்டுகளாக ஊசியாலும் நூலாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம்ம ஊரில் சொல்வோம். வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம் கந்தையும் வங்காளிகளின் காந்தாவும் அந்த ஒரே சொல்லின் இரண்டு கிளைகள்தான். தமிழில் அது கிழிந்த துணியின் பெயராகவே நின்றுவிட்டது. வங்காளத்திலோ கிழிந்த துணியைத் தைத்து உண்டாக்கும் போர்வைக்குப் பெயராகிவிட்டது. சொல் ஒன்று. ஒரு ஊரில் அது முடிவு, இன்னொரு ஊரில் அது தொடக்கம்!

காந்தா செய்ய வீட்டுப் பழம்புடவையும் வேட்டியுமே மூலப்பொருள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரிப்பார்கள். வெயில் காலத்துக்குச் சில அடுக்கு, குளிருக்குக் கூடுதல் அடுக்கு. சுருக்கம் விழாமல் நீவி, ஓரத்தை மடித்துப் பிடித்து, பிறகு முழுவதும் நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுவார்கள். வண்ண நூலைக்கூட விலைக்கு வாங்குவதில்லை, பழைய புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரம், இடையிடையே யானை, மீன், பல்லக்கு, தேர் என்று அவரவர் கண்ட உலகமெல்லாம் அதில் ஏறிவிடும். குளிருக்குப் போர்த்தும் தடித்த வகைக்கு லேப் என்று பெயர். விருந்தினருக்கு விரிப்பது சுஜனி. புத்தகம் சுற்ற, கண்ணாடி மூட, தலையணைக்கு உறை போட என்று தனித்தனி வகைகளும் உண்டு.

நானும் துணி வியாபாரி என்பதால் கணக்குப் பார்க்கிறேன். இதில் துணிக்குச் செலவில்லை, நூலுக்கும் செலவில்லை. செலவெல்லாம் நேரம்தான். சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக மிஞ்சிய மதிய வேளைகளில், மாதக்கணக்காக, சில சமயம் வருடக்கணக்காகத் தைத்திருக்கிறார்கள். ஆகவே காந்தாவைப் பரிசாகக் கொடுப்பவள் உண்மையில் கொடுப்பது துணியை அல்ல, தன் வாழ்நாளில் ஒரு பகுதியை.

தாய் அனுப்பிய போர்வை

சைதன்யர் துறவு பூண்டு புரியில் தங்கியிருந்தபோது, அவருடைய தாய் சசீதேவி வீட்டில் தைத்த காந்தா ஒன்றை யாத்திரிகர்கள் கையில் கொடுத்தனுப்பினார் என்று வங்க ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாமிர்தத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மகன் வீட்டைத் துறந்தான், ஆனால் தாயின் பழம்புடவை அவனைத் தேடிப் போனது.

19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தார். தன் பெயரையும் அதிலேயே நூலால் எழுதி வைத்தார். குருசதய் தத் (1882–1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட நாட்டுப்புறக் கலைப் பொருள்களைத் திரட்டினார். கொல்கத்தா ஜோக்காவில் அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்துக்கு அந்தத் திரட்டே அடிப்படை. மானதாசுந்தரியின் காந்தா அதில்தான் சேர்ந்தது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939இல் காந்தா பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அவர் சேர்த்தவை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குப் போயின. கவிஞர் ஜசீமுத்தீனின் 'நக்ஷி காந்தார் மாட்' (1929) என்ற கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த பெண் தன் துயரத்தையெல்லாம் காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லிவிட்டுச் சாகிறாள்.

இந்தப் போர்வைக்கு வியாபார முகமும் உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் சாத்காவ், ஹூக்ளி துறைமுகங்கள் வழியாக வங்கத் தையல் போர்வைகளைக் கப்பலேற்றினார்கள். பருத்தித் துணியில் காட்டுப்பட்டு நூலால் தைத்த அவற்றை 'கோல்ச்சா' என்பார்கள். அது விலைக்குத் தைத்தது. நான் சொல்வது விலைக்கு வராத காந்தாவை.

முகம் தெரியாதவர்க்கு

மகனுக்கும் தந்தைக்கும் தைப்பது பாசம். முன்பின் அறியாத ஒருவருக்குத் தைப்பதுதான் தானம். இதற்குப் பிற நாட்டு வரலாற்றில் இரண்டு நல்ல சான்றுகள் உண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியதும், காயம்பட்ட வீரர்களைக் கவனிக்க அங்கே சுகாதார ஆணையம் ஒன்று அமைந்தது. வடபகுதிப் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கம் கூட்டி, ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து அதன் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். சிலர் தம் பெயரையும் ஆறுதல் வார்த்தைகளையும் அந்தத் துணியிலேயே எழுதினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. பயன்பட்டுத் தேய்ந்து போயின, அவ்வளவுதான். அதே போல இரண்டாம் உலகப் போரில் கனடாப் பெண்கள் தைத்த போர்வைகள், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக, குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டன் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

சமண நோக்கு

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்று நான்கு தானங்களைச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுப்பாங்க. அதில் வஸ்திரம் ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. எங்கள் திகம்பர மரபில் முனிவர் ஆடையைத் துறந்தவர். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய 22 பரீஷகங்களில் குளிரும் ஒன்று. அவருக்குத் துணி கொடுக்க வழியில்லை.

ஆனால் முனிவர் குளிரைத் தாங்குவது விரதம். ஹௌரா பாலத்தடியில் தை மாத இரவில் சாக்கைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பவர் எந்த விரதமும் எடுக்கவில்லையே! ஜினசேனரின் ஆதிபுராணம் கொடையை நான்காகப் பிரிக்கும்போது, தகுதியுடைய துறவிக்குக் கொடுப்பதைப் பாத்திரதத்தி என்றும், துன்புறும் உயிர்களுக்கு இரங்கி அபயம் அளிப்பதைத் தயாதத்தி என்றும் தனித்தனியே சொல்கிறது. போர்வை இந்த இரண்டாவதில் அடங்கும் என்பது என் கருத்து. 'இன்று இரவு தாங்குவோமா' என்ற பயத்தைப் போக்குவது அபயதானம் இல்லாமல் வேறென்ன?

குவிந்த துணியும் தைத்த துணியும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து பழந்துணி வந்து குவிந்தது. மனசு நல்ல மனசுதான். ஆனால் கிழிந்ததும் அழுக்கானதும் அந்த மக்கள் உடுத்தாததுமாக எவ்வளவோ துணி சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. எல்லாம் இழந்தாலும் மானத்தை இழக்காத மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. மிஞ்சிய துணிகளைப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது, அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடியாத துணியை அடுக்கித் தைத்து விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்குவது அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சுஜ்னி.

அந்தப் பெயர் பீகாருடையது. அங்கே பிறந்த குழந்தையைப் பழம்புடவைச் சுஜ்னியில்தான் கிடத்துவார்கள். சிதிரியா மா என்று கந்தலுக்கே ஒரு அம்மன் உண்டு. பிரிந்த துண்டெல்லாம் முழுமையில் சேரும் என்பது அதன் தத்துவம். நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்குத் துவைத்த பழந்துணியும் அம்மாவின் பழைய சேலைத் தூளியும்தானே!

'பானிபட்டில் கம்பளிக் கழிவிலிருந்து இயந்திரத்தில் நெய்த போர்வை மலிவாகக் கிடைக்குதே, கையால் எதற்குத் தைக்கணும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெள்ளமோ பூகம்பமோ வந்தால் ஒரே இரவில் ஆயிரம் போர்வை வேண்டும். அங்கே பானிபட்தான் கைகொடுக்கும், ஊசி அல்ல. ஆனால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே ஓர் உறவு வேண்டுமானால் அதை ஊசிதான் தைக்கும். வேண்டாம் என்று கழித்த புடவையை நீட்டும்போது 'நீ என் கழிவுக்கு உரியவன்' என்று சொல்லாமல் சொல்கிறோம். அதையே அடுக்கி, நீவி, ஓரம் மடித்து, ஆயிரக்கணக்கான தையல் போட்டுக் கொடுக்கும்போது 'உனக்காக இத்தனை நாள் உட்கார்ந்தேன்' என்று சொல்கிறோம். துணி அதேதான், கொடை வேறு.

காந்தா இன்று கடைகளில் விலையுயர்ந்த புடவையாகவும் துப்பட்டாவாகவும் தொங்குகிறது. தைக்கும் பெண்களுக்கு நாலு காசு வருவது நல்லதே. ஆனால் விலைக்குத் தைப்பவளுக்குத் தன் வீட்டுப் பிள்ளைக்குத் தைக்க நேரம் கிடைப்பதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெட்டி நிறையப் பருத்திச் சேலைகள் இருக்கின்றன. சுங்குடியும் செட்டிநாட்டுக் கட்டமும் காஞ்சிப் பருத்தியும், இந்த ஊர்ப் பிள்ளைகள் உடுத்தாமல் மடித்து வைத்தவை. ஐப்பசியில் நாலைந்து அம்மாமார்கள் கூடி உட்கார்ந்தால் மார்கழிக்குள் சில போர்வைகளாவது முடியும். தையல் கற்றுக்கொடுக்க வங்காளப் பாட்டிமார்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சேலையும் வங்காளத்துத் தையலும் சேர்ந்து ஒருவருக்கு ஒரு குளிர்காலத்தைக் கடத்திவிட்டால், பேகன் வழியில் நாமும் ஒரு அடி நடந்தவர்கள் ஆவோம்.