நீர்கொழும்புக் கரையும் நாடகக் கலைஞரும்

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், மேலைக் கடலை நோக்கிக் கிடக்கும் மணற்பாங்கான ஊர் மாம்புரி. அவ்வூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரை உடப்பு, சிலாபம், மாரவில, வென்னப்புவ என்னும் ஊர்களைத் தொட்டு நீர்கொழும்பை அடைகின்றது. இன்று மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. அயலிலுள்ள நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் புகை கக்குகின்றது. ஆயினும் இக்கரையின் பழைய வாழ்வு முற்றாக மறைந்துவிடவில்லை. பருவந்தோறும் தென்பகுதி மீனவர் வலையும் வள்ளமுமாக வடக்கே வருவர். பங்குனியிலும் ஆவணியிலும் தலவில அன்னம்மாள் திருத்தலத்துக்குத் தமிழரும் சிங்களவரும் திரள்வர். மீனும் வழிபாடும் மக்களை இவ்வாறு கொண்டு சென்ற கரையிலே, பாட்டும் கூத்தும் மொழியெல்லை கடந்து உலாவியமை வியப்பன்று.

இக்கரையின் தென்முனையிலுள்ள நீர்கொழும்பு ஒரு சிறிய கடற்கரைப் பட்டினமே. ஆயினும் இலங்கையின் முதற் சிங்களப் பேசும்படத்தை ஆக்கிய நாடகக்குழு அப்பட்டினத்திலேயே இயங்கியது. அப்படத்தின் கதாநாயகியும், நகைச்சுவை நடிகரும், கதையாசிரியரும் அக்குழுவினரே. கொழும்பு போன்ற தலைநகருக்கோ கண்டி போன்ற பழைய அரசிருக்கைக்கோ வாய்க்காத இச்சிறப்பு மீன்பிடிப் பட்டினமொன்றுக்கு வாய்த்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பது ஒரு பட்டினத்தின் வரலாற்றை மட்டுமன்றி, இந்நாட்டின் இரு மொழியாரும் ஒருவர்க்கொருவர் பட்ட கடனையும் உணர்த்துவதாகும்.

கடற்கரைப் பட்டினங்கள் கலைஞரை ஈன்ற செய்தி பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்திலே பிளாக்பூல் என்னும் பட்டினத்தில் 1863ஆம் ஆண்டில் கடலினுள் நீண்ட முதலாவது மேடைப்பாலம் திறக்கப்பட்டது. 1894இல் அங்கு உயர்ந்த கோபுரமும் ஆடலரங்கும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் விடுமுறை நாள்களில் புகையிரதத்தில் வந்து குவிந்தனர். அவர்களை மகிழ்விக்கப் பாடகரும் நகைச்சுவையாளரும் வேண்டப்பட்டனர். எனவே அங்கு மேடையை ஆக்கியவன் பணங்கொடுத்துப் பார்க்க வந்த விருந்தாளி எனலாம். நீர்கொழும்பின் நிலை இதற்கு மாறானது. இங்கு மேடையை ஆக்கியவர் ஊர்மக்களே. அவர்கள் முதலில் ஆடியது கோயில் முன்றிலில், பார்த்தவர் சுற்றத்தார், ஆடியதன் நோக்கம் நேர்த்திக்கடனும் பக்தியுமாம்.

நீர்கொழும்பு முதல் புத்தளம் வரையுள்ள கரையோர மக்களிற் பெரும்பாலோர் ஒரு காலத்தில் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டிருந்தனர். இருபதாம் நூற்றாண்டிற் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் சிங்களத்தைத் தழுவியமையால் அவர்களுட் பலர் படிப்படியாகச் சிங்களவராயினர். எனினும் நீர்கொழும்பு மீனவரிடையே தனித்தன்மை வாய்ந்த தமிழ்ப் பேச்சுவழக்கொன்று இன்றும் வழங்குகின்றது. மொழியியலாளர் அதனை ஆராய்ந்துள்ளனர். உடப்பு மக்களோ தமிழையும் திரௌபதை அம்மன் வழிபாட்டையும் விடாது பேணி வருகின்றனர். அவ்வம்மனின் தீமிதிப்பு விழாவிலே பாரதக்கதை ஊரார் கண்முன் நிகழ்கின்றது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களும் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. மொழி மாறிய ஊரும் மாறாத ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கும் கரை இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இம்மக்களிடையே வழங்கிய முதன்மையான கலை நாட்டுக்கூத்தாகும். யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளிலுள்ள கத்தோலிக்கத் தமிழர், பழைய கூத்துமரபிலே புதிய கதைகளைப் புகுத்தினர். ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘ஞானசவுந்தரி’, ‘மூவிராசாக்கள்’ முதலிய நாடகங்கள் அவ்வாறு எழுந்தவை. அண்ணாவியார் பயிற்ற, மத்தளம் முழங்க, இரவிரவாக அவை ஆடப்பட்டன. இக்கலை மேற்குக் கரைவழியே தெற்கே பரவிச் சிங்களத்திலும் புகுந்தது. அவ்வாறு புகுந்த வடிவமே சிங்கள நாடகம எனப்படுவது. கொல்லராகிய பிலிப்பு சிஞ்ஞோ என்பவரே சிங்களத்தில் முதன்முதல் நாடகம இயற்றினார் என்பது மரபு. அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். பெயர் மட்டுமன்றி இன்னிசை, சிந்து முதலிய இசைச் சொற்களும், மத்தளமும், பாத்திரங்கள் ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகஞ்செய்து தோன்றும் முறையும் தமிழ்க்கூத்திலிருந்து சென்றனவே. அதனைப் பெற்றுக்கொண்ட சிங்களவர் தம் மொழியின் இயல்புக்கேற்ப அதனை மாற்றித் தமதாக்கிக்கொண்டனர்.

கூத்துடன் ஒருங்கு வளர்ந்தது இயேசுநாதரின் திருப்பாடுகளைக் காட்டும் காட்சி. வடபகுதித் தமிழர் இதனை உடக்குப் பாஸ் என்பர். மன்னாரில் பேசாலை இதற்குப் பேர்பெற்ற ஊர். நீர்கொழும்புக் களப்பின் வாயிலிலுள்ள தூவ என்னும் சிற்றூரிலும் இக்காட்சி நெடுங்காலமாக நடந்து வருகின்றது. முன்னர்ச் சிலைகளே முக்கிய இடம்பெற்ற அக்காட்சிக்கு, 1939ஆம் ஆண்டளவில் மாசலின் ஜயக்கொடி அடிகளார் புதிய உரையாடலும் பாடல்களும் இயற்றி, மானிட நடிகருக்கு முதன்மையளித்தார். உள்நாட்டிலே போரலஸ்ஸ என்னும் ஊரில் கே. லோரன்ஸ் பெரேரா 1923ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பாட்டு நாடகமும் புகழ்பெற்றது. மீனவரும் தென்னந்தோட்டத் தொழிலாளரும் உரோம வீரராகவும் சீடராகவும் வேடந்தாங்கினர். ஆண்டுதோறும் ஊரே நடிக்க, ஊரே பார்க்கும் இடத்தில் நடிப்பு எவர்க்கும் அயலான தொழிலாகத் தோன்றாது.

கடலின் மறுகரையிலும் இத்தகைய சூழல் நிலவியது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் நாடகத் தலைமையாசிரியராகப் போற்றப்பட்டார். அப்பட்டினத்துப் பனிமயமாதா கோயிலின் பெயரைத் தம் பெயரில் தாங்கி 1927இல் ஒரு மீனவ சமூகத்துக் குடும்பத்திற் பிறந்தவரே நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபு. அவர்தம் இளமைக்காலத்திற் பெரும்பகுதி கொழும்பிலே கழிந்தது. மன்னார்க் குடாவின் இருகரைகளும் முத்தையும் சங்கையும் மட்டுமல்லாது கலைஞரையும் பரிமாறிக்கொண்டன என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

இனி, நகர மேடையின் செல்வாக்கையும் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொழும்பு மக்களைக் கவர்ந்தன. அவற்றைப் பின்பற்றி ஜோன் த சில்வா முதலியோர் நூர்த்தி என்னும் இசைநாடகத்தை வளர்த்தனர். 1911ஆம் ஆண்டில் கொழும்பு மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. திரைச்சீலை, மின்விளக்கு, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு என்பன மேடைக்கு வந்தன. ஊர்க் கூத்தின் உணர்ச்சியும் நகர நூர்த்தியின் கவர்ச்சியும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் தோன்றியதே நீர்கொழும்பின் மினர்வா நாடகக்குழு.

அக்குழுவை நடத்தியவர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன. அரச கதைகளையும் புராணக் கதைகளையும் விடுத்து, அவர் தம் காலத்து இல்லறச் சிக்கல்களை நாடகமாக்கினார். செல்வர் வறியோர் வேற்றுமை, காதலுக்கு நேரும் தடை, மீறப்பட்ட வாக்கு ஆகியனவே அவருக்குப் பொருளாயின. அவர் தம்பி எடி ஜயமான்ன நகைச்சுவைப் பாத்திரங்களில் மக்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டார். இவ்விருவருடன் சேர்ந்த மூன்றாமவரே அக்குழுவின் ஒளிவிளக்கானார். அவர் ருக்மணி தேவி.

ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். 1923ஆம் ஆண்டு தை மாதம் 15ஆந் திகதி நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களே கொழும்புச் செட்டிகள். சிறுமியாக இருந்தபோதே மேடையேறிய அவர், 1930களின் இறுதியில் ரூபசிங்க மாஸ்டருடன் இசைத்தட்டிற் பாடினார். அப்பாடல் புத்தகயையைப் போற்றுவது. தமிழ்ப் பெயர்கொண்ட கிறித்தவப் பெண்ணொருத்தி பௌத்தப் பக்திப் பாடலாற் சிங்கள மக்களின் அன்பைப் பெற்றாள் என்பது சிந்திக்கத்தக்கது. பின்னர் எடி ஜயமான்னவை மணந்து நீர்கொழும்பைத் தம் ஊராக்கிக்கொண்டார். பிறப்பால் அவ்வூரினர் அல்லர். புகழால் அவ்வூரின் மகளேயானார்.

மினர்வாக் குழுவின் ‘கடவுனு பொரொந்துவ’ என்னும் நாடகம் பேர்பெற்று விளங்கிய காலத்தில், தென்னிந்தியரான எஸ். எம். நாயகம் சிங்களத்தில் ஒரு பேசும்படம் எடுக்க விழைந்தார். மதுரையில் அவருக்குச் சித்திரகலா மூவிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. நீர்கொழும்புக் குழுவினர் கடல்கடந்து மதுரைக்குச் சென்றனர். வங்கநாட்டவரான ஜோதிஷ் சிங் படத்தை இயக்கினார். 1947ஆம் ஆண்டு தை மாதம் 21ஆந் திகதி அது கொழும்பில் திரையிடப்பட்டது. அந்நாளே சிங்களத் திரைப்படத்தின் பிறந்தநாளாக எண்ணப்படுகின்றது. சிங்களக் கதை, தமிழ் முதலாளி, வங்க இயக்குநர், பாண்டிநாட்டுப் படப்பிடிப்பு நிலையம், செட்டிக் குலத்துக் கதாநாயகி என்னும் இவையனைத்தும் கூடியே அப்படம் உருவாயிற்று. நாயகம் பின்னர் நீர்கொழும்புச் சாலையிலுள்ள கந்தானையிலேயே படப்பிடிப்பு நிலையமொன்றை நிறுவினார்.

இப்படங்களின் குறைகளை மறைப்பது வரலாற்றாசிரியனுக்குத் தகாது. அவை மேடை நாடகத்தைப் படக்கருவியின்முன் நிறுத்தியவையே. பாடல்களும் பெரும்பாலும் இந்திய மெட்டுகளைத் தழுவியவை. ஊரும் வயலும் கடலும் அவற்றிற் காணப்படவில்லை. இக்குறையை நீக்கப் புறப்பட்டவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அவருடைய ‘ரேகாவ’ 1956ஆம் ஆண்டின் இறுதியிலே, கிராமத்தின் இயற்கைச் சூழலிற் படமாக்கப்பெற்று வெளிவந்தது. ஆயின் அப்படத்தின் பாடல்களை இயற்றியவர் தூவத் திருப்பாட்டுக் காட்சிக்கு எழுதிய அதே மாசலின் ஜயக்கொடி அடிகளார். இசையமைத்தவர் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள ஜா-எலப் பகுதியிற் பிறந்த சுனில் சாந்த. மினர்வாவின் முறையை மாற்றிய படத்துக்கும் பாட்டளித்தது இக்கரையே.

அதே 1956ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைவுகூரப்படுவது. ஆனி மாதத்திற் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி எனச் சட்டமியற்றப்பட்டது. ஐந்து மாதங்கழித்துக் கார்த்திகையில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறிச் சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சியைத் தொடக்கிவைத்தது. அது தழுவிய வடிவமோ, தமிழ்க்கூத்திலிருந்து இக்கரைவழியே சென்ற நாடகம. சட்டம் இரு மொழிகளையும் பிரித்துவைத்த ஆண்டிலேயே, கலை அவற்றின் உறவை மேடையில் எடுத்துக்காட்டியது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதனைக் கண்டு ஊக்கமுற்று, 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலியவற்றால் தமிழ் நாட்டுக்கூத்துக்குப் புத்துயிரளித்தார். தமிழ் கொடுத்த கடன் இவ்வாறு சிங்களத்தின்வழித் தமிழுக்குத் திரும்பி வந்தது.

ஆனால் எல்லாக் கடன்களும் இவ்வாறு நன்றியுடன் தீர்க்கப்படவில்லை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், தமிழரான கே. குணரத்தினத்துக்குரிய, ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டது. சிங்களப் படங்கள் பலவற்றை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட அதே கரையில், சிங்களத் திரைக்கலையை வளர்த்த நிலையமே சாம்பராயிற்று. தன் கலை எவ்வாறு பிறந்தது என்பதை மறந்த சமூகம் தன் கையாலேயே தன் செல்வத்தை அழித்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ருக்மணி தேவி அவ்வழிவைக் காணவில்லை. 1978ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 28ஆந் திகதி, இசைநிகழ்ச்சியொன்றை முடித்துத் தென்னிலங்கையிலிருந்து வீடு திரும்புகையில், ஜா-எலக்கு அண்மையிலுள்ள துடெல்லயில் வாகன விபத்தில் அவர் உயிர் நீத்தார். நீர்கொழும்பு மயானத்தில் அவருடல் அடக்கஞ்செய்யப்பட்டது. மலைநாட்டிற் பிறந்து, தமிழ்ப் பெயர் தாங்கி, சிங்களத்திற் பாடிய அவரைக் கடற்கரைப் பட்டினம் தன் மண்ணில் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, நீர்கொழும்பு கலைஞரை ஈன்றமைக்குக் காரணம் ஒரு மொழியின் தூய்மையோ ஓர் இனத்தின் தனிச்சிறப்போ அன்று. கூத்தைக் கொண்டுவந்த தமிழரையும், அதனைத் தமதாக்கிய சிங்களவரையும், வந்து குடியேறியோரையும், வழிபாட்டைக் கலையாக்கிய மீனவரையும் ஒருங்கே தாங்கிய கரையின் பயனே அது. மாம்புரி முதல் நீர்கொழும்பு வரை கூத்தேடுகளும், பாஸ்குப் பாடல்களும், அம்பாப் பாடல்களும் முதியோர் நினைவிலும் பழம்பெட்டிகளிலும் எஞ்சிக் கிடக்கலாம். அவற்றைத் தேடித் தொகுத்தல் மாணவர் கையிலுள்ள பணி. அப்பணியைச் செய்வோர் கலையின் வரலாற்றை மட்டுமன்று, அயலவனுக்குத் தாம் பட்ட கடனின் கணக்கையும் எழுதுவோராவர்.