செவிலிய மாணவரும் கணினித் தேர்ச்சியும்: அறுபது ஆண்டு வரலாறு

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ல் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு உருவானது. அதை வடிவமைத்த டொனால்ட் பிட்ஸர் ஒரு மின்பொறியாளர். அவருடைய மனைவி மேரியான் பிட்ஸர் செவிலியர். அர்பானா நகரின் மெர்சி மருத்துவமனை செவிலியர் பள்ளி மாணவியருக்காக, மாரடைப்பு கண்ட நோயாளியைப் பராமரிப்பது பற்றிய பாடம் ஒன்றை மேரியான் அந்தக் கணினிக்கென்றே எழுதினார். 1963-ல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடும் இதைப் பற்றியதே.

பாடம் நடந்த விதம் இன்றைக்கும் புதுமையாகவே தோன்றுகிறது. தொலைக்காட்சித் திரையில் கேள்வி வரும். விடைக்கு வேண்டிய விவரத்தை மாணவி தானே கேட்டுப் பெற வேண்டும். கேட்காததைக் கணினி சொல்லாது. அவர் எதைக் கேட்டார், எந்த வழியில் விடையை அடைந்தார் என்பதெல்லாம் பதிவாகும். கணினி பற்றி மாணவிக்கு ஏதாவது தெரியுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. சில விசைகளை அழுத்தத் தெரிந்தால் போதும். அங்கே அளக்கப்பட்டது செவிலியரின் சிந்தனை. பின்னால் வந்த பல பாடத்திட்டங்கள் இந்தத் தெளிவைக் கைநழுவ விட்டன.

கணினி வார்டுக்குள் வந்தபோது நிலைமை மாறியது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள எல் காமினோ மருத்துவமனையில் 1971-ல் டெக்னிகான் நிறுவனத்தின் தகவல் அமைப்பு நிறுவப்பட்டது. மருத்துவரின் உத்தரவும் செவிலியரின் பராமரிப்புக் குறிப்பும் காகிதத்திலிருந்து திரைக்கு மாறின. ஒளிப்பேனாவைத் திரையில் வைத்து வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கான பயிற்சியை மருத்துவமனையே கொடுத்தது. கல்லூரிகள் வெகுகாலம் விலகியே நின்றன. 1980-களில் தனிநபர் கணினி மலிவானதும் அவையும் முன்வந்தன. ஆனால் கடிதம் தட்டவும் அட்டவணை போடவும் கற்றுத்தரும் தனிப்பாடமாகவே அது பல இடங்களில் அமைந்தது. நோயாளியோடு ஒட்டாத அந்தப் பிரிவினை பெரிய பிழை; அதன் தடம் இன்னும் முழுதாக மறையவில்லை.

இதற்கு மாற்றான பார்வையை 1989-ல் ஜூடித் கிரேவ்ஸ், ஷீலா கோர்கோரன் என்ற செவிலிய ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்தார்கள். தரவு தகவலாகி, தகவல் அறிவாகும் வழியைக் கையாள்வதே செவிலியர் தகவலியல் என்றார்கள் அவர்கள். 1992-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் அதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றது.

சாதாரண மாணவரைக் கணினியின் முன் கட்டாயமாக உட்காரவைத்தது அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வுதான். ஆண்டுக்கு இருமுறை, இரண்டு நாள் காகிதத்தில் எழுதிவந்த என்கிளெக்ஸ் தேர்வு 1994 ஏப்ரலில் முழுக்கக் கணினிக்கு மாறியது. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அன்று ஒருவருக்கு 75 கேள்விகளில் முடிந்தது, இன்னொருவருக்கு 265 வரை நீண்டது. கணினிப் பழக்கம் இல்லாதவர் அதனாலேயே தோற்றுவிடக் கூடாது என்று கருதி, இரண்டே விசைகளால் விடையளிக்கும்படி தேர்வை அமைத்தார்கள். நேர்மையான ஏற்பாடு அது. அமெரிக்காவில் பணிபுரிய விரும்பும் இந்தியச் செவிலியர் பின்னாளில் சென்னையிலேயே இதை எழுதும் வசதியும் வந்தது.

செவிலியருக்கு எவ்வளவு கணினித் திறன் வேண்டும் என்பதை முறையாக வரையறுத்த முயற்சி நான்சி ஸ்டாகர்ஸ் குழுவினருடையது. 2002-ல் வெளியான அவர்களது ஆய்வு, துறை வல்லுநர்களிடம் பல சுற்றுகளாகக் கருத்துக் கேட்டு 281 திறன்களைத் தொகுத்தது. தொடக்கநிலைச் செவிலியர், அனுபவச் செவிலியர், தகவலியல் வல்லுநர், புதுமை படைப்பவர் என்று நான்கு படிகளில் அவை பிரிக்கப்பட்டன. இத்தனை நீண்ட பட்டியலை எந்த வகுப்பிலும் அப்படியே பயன்படுத்த முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சுசான் பேக்கன் குழு 2009-ல் அதைச் சுருக்கி, 30 கூற்றுகள் கொண்ட தன்மதிப்பீட்டு அளவுகோலாக்கியது. அடிப்படைக் கணினி அறிவு முதல் தகவலியல் மீதான மனப்பான்மை வரை மாணவர் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.

தன்மதிப்பீட்டுக்கு நிறை உண்டு, குறையும் உண்டு. செலவில்லை, படிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்து ஒப்பிடலாம், எங்கே தடுமாறுகிறோம் என்று மாணவரை யோசிக்கவைக்கும். ஆனால் கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறை தன் திறனை எளிதில் கூட்டி மதிப்பிட்டுவிடும். விரல் வேகமாக ஓடுவது வேறு. ஆய்வு வெளியான இதழின் தரத்தை எடைபோடுவதும், மருந்து எச்சரிக்கை திரையில் மின்னும்போது நின்று படிப்பதும் வேறு. செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்காமல் இவற்றை அறிய வழியில்லை.

செய்துகாட்டும் தேர்வுக்கு ஐரோப்பாவில் முன்மாதிரி இருந்தது. பின்லாந்தில் 1994-ல் தொடங்கிய கணினி ஓட்டுநர் உரிமம் பின்னர் ஐரோப்பிய உரிமமாக விரிந்தது. கோப்புகளைக் கையாளுதல், சொற்செயலி, விரிதாள், தரவுத்தளம், இணையம் முதலிய ஏழு பகுதிகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் 2006-ல் கூடிய டைகர் என்ற செவிலியர் முன்முயற்சி, அடிப்படைத் திறனுக்கு இதையே அளவாகப் பரிந்துரைத்தது. தகவல் தேடி மதிப்பிடும் திறனையும், மின்னணுப் பதிவேடுகளைக் கையாளும் திறனையும் அதற்கு மேலாக வைத்தது.

திறனை வளர்க்கும் வழியில் கான்சஸ் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரி முன்னோடி. 2000-களின் தொடக்கத்தில் செர்னர் நிறுவனத்தோடு சேர்ந்து, மருத்துவமனைகளில் ஓடும் அதே பதிவேட்டு மென்பொருளைக் கற்பனை நோயாளிகளோடு வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. மாணவர் தவறாகப் பதிந்தால் யாருக்கும் தீங்கில்லை. ஆசிரியர் உடனே திருத்தலாம். மேரியான் பிட்ஸர் தொடங்கிய வழி இப்படி வார்டின் உண்மையான கருவியோடு இணைந்தது.

இந்தியாவில் இந்தியச் செவிலியர் மன்றத்தின் பழைய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் முதலாண்டில் கணினி அறிமுகம் என்ற தாளை வைத்திருந்தது. டாஸ், விண்டோஸ், வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் என்று அலுவலக மென்பொருள்களே அதில் நிறைந்திருந்தன. 2021-ல் பருவமுறைக்கு மாறிய புதிய பாடத்திட்டம் இரண்டாம் பருவத்தில் சுகாதார, செவிலியர் தகவலியலையும் தொழில்நுட்பத்தையும் ஒரு தாளாகச் சேர்த்தது. மின்னணு மருத்துவப் பதிவேடு, நோயாளியின் பாதுகாப்பு, தகவல் சட்டம், சான்று சார்ந்த பராமரிப்பு ஆகியவை அதன் அலகுகள். மாதிரிப் பதிவேட்டில் செய்முறைப் பயிற்சியும், பதிவேடு புழங்கும் மருத்துவமனையை நேரில் காண்பதும் அதற்குள் அடங்கும்.