256 பைட்டில் ஒரு பதில்

1976 ஜூலையில் ஆப்பிள்-1 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 666 டாலர் 66 சென்ட். அந்தக் காசைக் கொடுத்தவர் கையில் கிடைத்தது சில்லுகள் பொருத்திய பச்சை நிற போர்டு ஒன்று, அவ்வளவுதான். பெட்டி கிடையாது, கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. மின்சாரம் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மர்கூட கிடையாது. எல்லாவற்றையும் வாங்கினவரே தேடிப் பிடித்து இணைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த போர்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே கார் ஷெட், இரண்டு ஸ்டீவ்கள், ஏலத்தில் போன விலை என்றுதான் கதை ஓடும். அதெல்லாம் ஆயிரம் இடத்தில் எழுதியாச்சு. நான் பார்க்க நினைப்பது வேறு. இணைப்பெல்லாம் கொடுத்து முடித்து, முதல்முறையாக ஸ்விட்சைப் போட்டபோது என்ன நடந்தது? ஆப்பிள்-1 எந்த விதத்தில் புதிது என்பது அந்தச் சில நிமிடங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

அதற்கு ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. வீட்டில் நாமே கம்ப்யூட்டர் கட்டலாம் என்ற ஆசையை அமெரிக்கா முழுக்கப் பற்றவைத்த இயந்திரம் இது. பல நாள் உட்கார்ந்து சால்டர் செய்து முடித்து ஆன் செய்தால், முன்பக்கத்தில் சில சிவப்பு விளக்குகள் எரியும். அதோடு சரி. இன்டெல் 8080 பிராசசர் உள்ளே தயாராக இருக்கிறது, ஆனால் என்ன செய்வதென்று அதற்குச் சொல்ல எந்த நிரலும் இல்லை. அடிப்படை மாடலில் இருந்த நினைவகமே 256 பைட்தான், அதுவும் ஆன் செய்யும்போது காலி.

ஒவ்வொரு பைட்டையும் எட்டு ஸ்விட்ச்களை மேலும் கீழும் தள்ளி நாமே ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் போச்சு. இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. நினைத்தது நடக்கவில்லை என்றால் தப்பு எங்கே? சால்டரிலா, சில்லிலா, மூன்றாவது பைட்டில் ஒரு ஸ்விட்சை மாற்றிப் போட்டதிலா? இயந்திரம் வாய் திறக்காததால் மூன்றில் எது என்று கண்டுபிடிக்க சுலபமான வழி இல்லை.

ஸ்டீவ் வோஸ்னியாக் அப்போது ஹியூலெட்-பேக்கர்டில் கால்குலேட்டர் வடிவமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கால்குலேட்டரை ஆன் செய்தவர் யாரும் ஸ்விட்ச் தட்டி நிரல் ஏற்றுவதில்லை. செய்ய வேண்டியது ஏற்கெனவே ராம் அல்லாத, அழியாத நினைவகத்தில், அதாவது ராமில், இருக்கிறது என்று தமிழில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் அழியாத வகையை இந்தக் கட்டுரையில் 'நிலை நினைவகம்' என்றே சொல்கிறேன். கால்குலேட்டரின் நிரல் அந்த நிலை நினைவகத்தில் இருப்பதால்தான் பட்டனை அழுத்தியதும் எண் வருகிறது. ஆப்பிள்-1இலும் இதே ஏற்பாடுதான்.

பிராசசராக அவர் எடுத்தது மாஸ் டெக்னாலஜியின் 6502. மற்ற கம்பெனிகள் நூறு டாலருக்கு மேல் விலை சொன்ன காலத்தில், 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியின்போது இதை 25 டாலருக்கு விற்றார்கள். டிவியில் எழுத்துகளைக் காட்டும் டெர்மினல் ஒன்றை வோஸ்னியாக் முன்பே செய்து வைத்திருந்தார். இரண்டையும் ஒரே போர்டில் சேர்த்தார். கூடவே இரண்டு நிலை நினைவகச் சில்லுகளில், மொத்தம் 256 பைட்டில், 'மானிட்டர்' என்ற குட்டி நிரலை வைத்தார். திரையைச் சொல்லும் மானிட்டர் இல்லை இது. இதன் வேலை மூன்றே மூன்று: நினைவகத்தில் இருப்பதைக் காட்டு, அதை மாற்று, சொன்ன இடத்திலிருந்து நிரலை ஓட்டு.

முதலில் சில்லு பொருத்தாத வெறும் போர்டை விற்பதுதான் யோசனை. பைட் ஷாப் கடையின் பால் டெரெல்தான் முழுக்கப் பொருத்திய போர்டாக, ஒன்று 500 டாலர் கணக்கில் 50 வேண்டும் என்று கேட்டார். லாஸ் ஆல்டோஸில் ஜாப்ஸின் பெற்றோர் வீட்டில் அவருடைய தங்கை, போர்டுக்கு ஒரு டாலர் கூலிக்குச் சில்லுகளைச் செருகிக் கொடுத்தார். மொத்தமே ஏறக்குறைய 200 போர்டுகள்தான் செய்தார்கள்.

இப்போது வாங்கினவர் மேசைக்கு வருவோம். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்: ஒன்று 8 முதல் 10 வோல்ட், 3 ஆம்பியர், இன்னொன்று நடுமுனை உள்ள 28 வோல்ட், 1 ஆம்பியர். போர்டிலேயே இருக்கும் டயோடுகளும் பெரிய மின்தேக்கிகளும் ரெகுலேட்டர்களும் இதிலிருந்து +5, -5, +12, -12 என நான்கு மின்னழுத்தங்களை உண்டாக்கும். அந்தக் கால நினைவகச் சில்லுகளுக்கு வெறும் 5 வோல்ட் போதாது. 5 வோல்ட் போக வேண்டிய தடத்தில் 12 வோல்ட் போனால் சில்லுகள் காலி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இந்த மாதிரி போர்டில் முதலில் சில்லுகளை சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, நான்கு அழுத்தங்களையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் திரும்பச் செருகுவார்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் திரை முழுக்க '@', '_' என்று குறிகள் மினுக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தானாக ரீசெட் ஆகும் வசதி இந்த போர்டில் இல்லை, அதனால்தான் இந்தக் கோலம். திரையைத் துடைக்கும் பட்டனை அழுத்தி, அடுத்து ரீசெட்டை அழுத்தினால் '\' என்று ஒரு பின்சாய்வுக் கோடு வரும். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி மினுக்க ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு கோடுதானே என்று நினைக்க வேண்டாம். அது வர என்னென்ன சரியாக நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். கடிகாரத் துடிப்பு ஓட வேண்டும். பிராசசர் சரியான முகவரிக்குப் போய் நிலை நினைவகத்தைப் படிக்க வேண்டும். இடையில் இருக்கும் 6820 சில்லு எழுத்தைக் கைமாற்ற வேண்டும். டெர்மினல் பகுதி அதைப் புள்ளிகளாக்கி டிவிக்கு அனுப்ப வேண்டும். இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்தைத் திரையில் போடுவது ஒரு துணைநிரல். அதிலிருந்து திரும்பி வர வேண்டிய முகவரி சாதாரண நினைவகத்தில்தான் எழுதி வைக்கப்படுகிறது. கோடு வந்தும் கர்சர் கீழே இறங்கவில்லை என்றால், நினைவகத்தின் மேல் முதலில் சந்தேகப்படலாம். ஆல்டேர் சொல்லாமல் விட்டதை இந்த போர்டு சொல்லிவிடுகிறது.

கையேட்டில் அடுத்த படியாக ஒரு சோதனை நிரல் இருக்கிறது. மொத்தம் 11 பைட். சுழியத்தில் தொடங்கி, எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மானிட்டரில் இருக்கும் அதே துணைநிரலைக் கூப்பிட்டு, அந்த எண்ணுக்குரிய எழுத்தைத் திரையில் போடும். முடிவே இல்லாமல் சுற்றும். தட்டச்சு செய்த பைட்டுகளைத் திரும்பக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு ஓட்டினால், நொடிக்கு 60 எழுத்து வேகத்தில் திரை நிரம்பிக்கொண்டே போகும்.

இது ஆப்பிளின் தனிச்சொத்து இல்லை. 6502ஐச் செய்த மாஸ் டெக்னாலஜியே அதே காலத்தில் கிம்-1 என்ற போர்டை 245 டாலருக்கு விற்றது. அதிலும் மானிட்டர் நிரல் உண்டு, 2 கிலோபைட் அளவில். ஆனால் அது பேசியது ஆறு இலக்க எண் விளக்குகளிலும் 23 பட்டன்களிலும். ஆப்பிள்-1 வீட்டு டிவியில் எழுத்தாகப் பேசியது.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை வந்தது. விலை 35 டாலர். பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, பவர் சப்ளை இல்லை. 36 வருஷம் கழித்தும் அதே பட்டியல்! ஆனால் ஒரு வித்தியாசம். மெமரி கார்டு இல்லாமல் அந்த முதல் மாடலை ஆன் செய்தால் சிவப்பு விளக்கு எரியும், திரை இருட்டாகவே இருக்கும். சில்லுக்குள் இருக்கும் தொடக்க நிரல் கார்டில் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் திரையில் ஒரு வார்த்தை சொல்லாது. கார்டு கோளாறா, சார்ஜர் பத்தவில்லையா, போர்டே போச்சா? ஆல்டேர்காரரின் அதே கேள்விகள், ஆல்டேரைவிடப் பல மடங்கு வேகமான இயந்திரத்தில். பை 4க்குப் பின்னர் வந்த பூட்லோடரில்தான், கார்டு இல்லாவிட்டாலும் நிலவரத்தைத் திரையில் எழுதிக் காட்டும் வசதி சேர்ந்தது.

இன்றைக்கும் ஒரு கம்பெனியில் புது போர்டு வடிவமைத்து முதல்முறை உயிர் கொடுக்கும்போது, எஞ்சினியர்கள் முதலில் எதிர்பார்ப்பது படத்தையோ ஆப்பையோ இல்லை. சீரியல் போர்ட்டில் ஒரே ஒரு எழுத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது வந்துவிட்டால் மிச்ச வேலையை போர்டிடமே கேட்டுக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.